வீனஸின் கைகள்: 'பரேடு' இசைத்தட்டைப் பெண்ணாகக் கேட்பது

'பரேடு' இசைத்தட்டின் உறையில் ஒரு குழுவின் பெயரும் ஒரே ஒருவரின் படமும் இருக்கின்றன. பெயர் 'பிரின்ஸ் அண்ட் த ரெவல்யூஷன்'. படம் பிரின்ஸுடையது மட்டும். கறுப்பு வெள்ளைப் புகைப்படம், குட்டைச் சட்டை, திறந்த இடுப்பு. ஒரு பெண்ணை இப்படி நிறுத்திப் படமெடுத்திருந்தால் நாம் எழுதக்கூடிய கட்டுரை வேறு. இங்கே ஆணொருவர் தன் உடலைத் தானே பார்வைக்கு வைக்கிறார். அந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கேள்வி அந்த உறையில் இடம்பெறாதவர்களைப் பற்றியது.

1986 மார்ச் 31 அன்று வெளியான இந்தத் தொகுப்பு 'அண்டர் த செர்ரி மூன்' என்ற படத்துக்கான பாடல்கள் கொண்டது. படம் வெளிவந்தது ஜூலையில்தான். பாட்டு முதலில், படம் பிறகு என்கிற வரிசை நமக்குப் புதிதல்ல. பாட்டு நிலைத்துப் படம் காணாமல் போவதும் புதிதல்ல. இந்தப் படத்துக்கு அதுதான் நடந்தது. அமெரிக்காவில் ஆண்டின் மோசமான படங்களுக்கென்று தரப்படும் கோல்டன் ராஸ்பெரி கேலி விருதுகளில் ஐந்தை அது வாங்கியது. மோசமான நடிகர், மோசமான இயக்குநர் என்று இரண்டு பிரின்ஸுக்கே. பாடல்களோ இன்றும் கேட்கப்படுகின்றன. பன்னிரண்டு பாடல்கள், நாற்பது நிமிடத்தைச் சற்றே தாண்டும். அதற்குள் ஃபங்க் இருக்கிறது, பிரெஞ்சு காபரே விடுதியின் சாயல் இருக்கிறது, ஊர்வல வாத்தியம் இருக்கிறது, வார்த்தையே இல்லாத ஒரு பியானோத் துண்டு இருக்கிறது, தாளமே இல்லாத ஒரு இரங்கல் பாட்டும் இருக்கிறது. இவ்வளவையும் ஒரே மூச்சில் கோத்த துணிச்சலை ஒரு தனிமனித மேதையின் கணக்கில் எழுதுவதுதான் இசை விமர்சனத்தின் வழக்கம். அந்தக் கணக்கில் பாக்கி இருக்கிறது என்பது என் வாதம்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். லிசா கோல்மன் கீபோர்டு வாசித்தவர், 1980இல் பிரின்ஸின் குழுவில் சேர்ந்தார். வெண்டி மெல்வாய்ன் கிடார் கலைஞர், 1983இல் வந்தார். இருவரும் சேர்ந்தபோது இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்தவர்கள். இருவரின் தந்தையரும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக்கூடங்களில் தொழில்முறை வாத்தியக் கலைஞர்கள். குழந்தைப் பருவத்திலிருந்தே பழகியவர்கள், பின்னர் காதலர்கள். அந்த உறவைப் பற்றி அவர்கள் விரிவாக வெளியே பேசியது 2009இல். அதற்குள் காதல் முடிந்திருந்தது, சேர்ந்து இசையமைப்பது தொடர்ந்தது. மூன்றாவது பெயர் சூசன் ராஜர்ஸ். பெரும்பாலும் தானே படித்து மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கக் கற்றவர். 1983இல் பிரின்ஸிடம் பழுதுபார்ப்பவராக வேலைக்குச் சேர்ந்து, அவருடைய ஒலிப்பதிவாளர் ஆனவர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டினால் அது அநியாயம். அந்தக் காலத்து ராக் இசைக்குழுவில் பெண் என்றால் பாடகி. அதுவும் பெரும்பாலும் பின்குரல். கிடாரும் ஒலிப்பதிவு மேசையும் ஆண்களின் சொத்து. பிரின்ஸ் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. கிடாருக்குப் பெண், கீபோர்டுக்குப் பெண், ஒலிப்பதிவுக்கு சூசனுக்கு முன்பே பெக்கி மெக்ரியரி என்ற பெண். ஷீலா இ. என்ற தாளக் கலைஞரைத் தனிக் கலைஞராக மேடையேற்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. பெண்களின் கைத்திறனை அவர் நம்பினார். ஆகவே இது பெண்களை ஒதுக்கிய ஒருவரின் கதை அல்ல. பெண்களைச் சேர்த்துக்கொண்டவரின் கதை. அதனாலேயே பேசுவதற்குக் கடினமானது.

தொகுப்பின் முதல் நான்கு பாடல்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 1985 ஏப்ரலில், ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில், பிரின்ஸ் டிரம்ஸ் முன் உட்கார்ந்தார். பாடல் வரிகளை எதிரே ஒட்டிவைத்துக்கொண்டார். நாடாவை நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டு, நான்கு பாடல்களுக்கும் டிரம்ஸை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விடாமல் வாசித்து முடித்தார். பாட்டு இன்னும் அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. பிறகு எழுந்து போய் பேஸ் கிடாரை எடுத்து அதன்மேல் வாசித்தார். கேட்கும்போது உண்மையிலேயே புல்லரிக்கிறது. 'கிறிஸ்டோபர் ட்ரேசீஸ் பரேட்', 'நியூ பொசிஷன்', 'ஐ வொண்டர் யு', 'அண்டர் த செர்ரி மூன்' ஆகிய நான்கும் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வருவது இதனால்தான்.

இந்தக் கதையை உலகுக்குச் சொன்னவர் சூசன் ராஜர்ஸ். நாடாவை ஓடவிட்டவர் அவர். மைக்குகளை வைத்து, அளவுகளைச் சரிபார்த்து, எந்த நொடியிலும் எழுந்து எந்த வாத்தியத்துக்கும் போகக்கூடிய ஒரு மனிதருக்காக எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தவர். மேதையின் வேகம் என்று நாம் வியப்பது, இன்னொருவர் விழித்திருந்ததால் நிகழ்ந்த வேகம். சமையலறை தெரிந்த எவருக்கும் இது புரியும். கேட்டவுடன் கைக்கு வருகிற பொருள், யாரோ அங்கே எடுத்து வைத்த பொருள். சூசன் பிற்காலத்தில் தயாரிப்பாளராகி, அதில் ஈட்டிய பணத்தில் கல்லூரிக்குப் போய், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். மனித மூளை இசையை எப்படிக் கேட்கிறது என்பது அவருடைய துறை. அவர் பேட்டிகளில் பிரின்ஸைப் பற்றிக் கசப்பே வெளிப்படுவதில்லை. நானும் அவர் சார்பில் கசப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கதை யாருடைய கண்ணிலிருந்து சொல்லப்படுகிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

அந்த நான்கில் மூன்றாவது பாடலை, 'ஐ வொண்டர் யு'வை, என் வகுப்பில் மாணவிகளுக்கு ஒலிக்கவிட்டதுண்டு. இரண்டு நிமிடம்கூட இல்லை. பெயர் சொல்லாமல், இதைப் பாடுவது யார் என்று கேட்டேன். பிரின்ஸின் மற்ற பாடல்களை ஏற்கெனவே கேட்டிருந்த பிள்ளைகள் அவர்தான் என்றார்கள். பாடுவது வெண்டி. அவர் குரல் தணிந்த குரல். எதையும் வலியுறுத்தாமல், மூச்சோடு சேர்ந்து வருகிறது. அடுத்து வரும் பாடலில் பிரின்ஸ் பாடும்போது அவர் குரலும் அதே தணிவுக்கு இறங்குகிறது. பிரின்ஸின் பெண்மை கலந்த குரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆண் பெண்குரலின் பக்கம் நகர்ந்தால் அது கலைத் துணிச்சல். அதே தொகுப்பில் நிஜமாகவே ஒரு பெண் தனியாகப் பாடினால் அது அவருடைய குரலாகவே கேட்கப்படுகிறது. ஒரு மாணவி சொன்னாள்: "அப்போ அவர் பொண்ணு மாதிரி பாடுறது நமக்குக் கேக்குது மேடம், பொண்ணு பாடுறது கேக்கல." இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

'கிஸ்' பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இந்தத் தொகுப்பில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பாட்டு அது. ஃபங்க் என்பது பேஸ் கிடாரின்மேல் கட்டப்படும் இசை. அடித்தளமே அதுதான். 'கிஸ்'ஸில் பேஸ் கிடார் இல்லை. பருப்பில்லாமல் சாம்பார் வைப்பது மாதிரியான காரியம். ஆனால் ருசி இருக்கிறது. இந்தப் பாட்டின் பிறப்பும் ஒருவர் கையால் நிகழவில்லை. பிரின்ஸ் ஒரு நிமிட அளவுக்கு கிடாருடன் பாடிய மாதிரிப் பதிவை மஸராட்டி என்ற குழுவுக்குக் கொடுத்தார். அதன் தயாரிப்பாளர் டேவிட் ஸி., டிரம் மெஷினையும் கிடாரையும் பிணைத்து, வெட்டி வெட்டி ஒலிக்கும் ஒரு தாளத்தை இரவோடு இரவாக உருவாக்கினார். கேட்ட பிரின்ஸ் பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பேஸை நீக்கினார், உச்சக் குரலில் தானே பாடினார், மஸராட்டியின் பின்குரல்களை வைத்துக்கொண்டார். வார்னர் நிறுவனத்தாருக்கு இது முடிக்காத பாட்டாகத் தோன்றியது. வெளியிடத் தயங்கினார்கள். 1986 ஏப்ரலில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது இரண்டாம் இடத்தில் இருந்தது பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய 'மேனிக் மண்டே'. அதை எழுதியவரும் பிரின்ஸ்தான், 'கிறிஸ்டோபர்' என்ற புனைபெயரில். ஆக, பெண்கள் பாடிய பாட்டின் பின்னால் ஆணின் பெயர் மறைந்திருந்ததும் உண்டு. கணக்கு ஒருபக்கமாக மட்டும் ஓடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. பிரின்ஸ் தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்டார்.

'கிஸ்'ஸின் வரிகள் பெண்ணியவாதிகளுக்கு உகந்தவை என்று சொல்லப்படுவதுண்டு. அழகியாக இருக்க வேண்டாம், பணக்காரியாக இருக்க வேண்டாம், அனுபவசாலியாக இருக்க வேண்டாம், வயதுக்கேற்ற பக்குவம் இருந்தால் போதும் என்கிற பொருளில் போகிறது. அக்காலத்துப் பாப் பாடல்கள் பெண்ணிடம் கேட்டதை நினைத்தால் இது பெரிய தள்ளுபடிதான். ஆனால் தள்ளுபடி கொடுப்பவர் கடைக்காரர். எது வேண்டும், எது வேண்டாம் என்ற பட்டியல் ஆணின் கையில்தான் இருக்கிறது. பெண் பார்க்க வந்த வீட்டில் 'எங்களுக்கு எதுவும் வேண்டாம்' என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்களை நமக்குத் தெரியும். அந்தச் சொல்லின் இனிமையும் தெரியும், அதை யார் யாரிடம் சொல்லும் இடத்தில் இருக்கிறார் என்பதும் தெரியும்.

பாட்டைக் காப்பாற்றுவது காணொளி. ரெபெக்கா பிளேக் என்ற பெண் இயக்கியது. அதில் பிரின்ஸ் அரைகுறை உடையில் ஆடுகிறார், நெளிகிறார், கெஞ்சுகிறார். பக்கத்தில் வெண்டி உட்கார்ந்து கிடார் வாசிக்கிறார், அவ்வளவுதான். அவர் ஆடவில்லை, குழையவில்லை, யாரையும் மயக்கப் பார்க்கவில்லை. அவர் செய்த காட்டில் ஒரு லேசான கேலி இருக்கிறது, வேலை தெரிந்தவள் பக்கத்தில் ஆர்ப்பாட்டம் செய்பவனைப் பார்க்கும் கேலி. வரிகளில் ஆண் பட்டியல் போட, படத்தில் பெண் அதைத் தாளம் தப்பாமல் சகித்துக்கொள்கிறாள். பெண் உடல் காட்சிப்பொருளாகவும் ஆண் வாத்தியக்காரனாகவும் இருந்த இசைக் காணொளிகளின் காலத்தில், இந்தத் தலைகீழாக்கத்தைப் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைகள் கிடாரை வேறு மாதிரி பார்த்திருப்பார்கள்.

படத்துக்கு வருவோம், சீக்கிரம் முடித்துவிடலாம். பிரெஞ்சுக் கடற்கரை ஊரான நீஸில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். கேமரா மைக்கேல் பால்ஹவுஸ், பார்க்க அழகாகத்தான் இருக்கும். மேரி லாம்பர்ட் இயக்குவதாக இருந்தது. மடோனாவின் 'மெட்டீரியல் கேர்ள்' காணொளியை இயக்கியவர் அவர். படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளில் அவரை நீக்கிவிட்டு பிரின்ஸே இயக்கினார். கிறிஸ்டோபர் ட்ரேசி என்ற பியானோக்காரன் பணக்காரப் பெண்களை மயக்கிப் பிழைப்பவன். இருபத்தொரு வயது நிறையும்போது ஐந்து கோடி டாலர் சொத்து பெறவிருக்கும் மேரி ஷரனைக் குறிவைக்கிறான், பிறகு நிஜமாகவே காதலிக்கிறான், அவள் தந்தையின் ஏற்பாட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். மேரியாக நடித்த கிறிஸ்டின் ஸ்காட் தாமஸுக்கு இது முதல் படம். அவர் கண்ணில் இருக்கும் அறிவுக்கு ஈடாக ஒரு வசனமும் எழுதப்படவில்லை. திமிர் பிடித்த பணக்காரியை ஏழை நாயகன் பேசியே வழிக்குக் கொண்டுவரும் கதையை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ஒரே ஒரு காட்சி மட்டும் நின்றது. கிறிஸ்டோபர் ஒரு தாளில் இரண்டு சொற்களை எழுதி மேரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறான். 'ரெக்கார்ட் ஸ்டோர்' என்பதைக் கறுப்பர்களின் பேச்சு வழக்கில் ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறான். எல்லாம் படித்தவளுக்கு அது விளங்கவில்லை. சாம் குக்கின் இசைத்தட்டை வாங்க எங்கே போவாய் என்று கேட்டுத்தான் புரியவைக்கிறான். ஆங்கிலத்தைச் 'சரியாக' எழுதக் கற்றவளுக்கு அதைப் பேசுகிறவர்களின் காது இல்லை. அந்தக் காட்சி மட்டும் பாடல்களின் தரத்துக்கு இருக்கிறது.

தொகுப்பின் நடுவில் 'வீனஸ் டி மைலோ' என்றொரு துண்டு வருகிறது. அதற்கு முந்தைய பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கத்தரித்தாற்போல் நின்றுவிட, இது தொடங்கும். வரிகள் இல்லை. பியானோவும், கிளேர் ஃபிஷரின் ஆர்கெஸ்ட்ராவும். ஃபிஷர் ஆண்தான், ஜாஸ் உலகத்து மூத்த இசைக்கலைஞர். அவர் பிரின்ஸின் நாடாக்களைப் பெற்று வாத்திய இசையைச் சேர்த்து அனுப்புவார். இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டதே இல்லை என்று சொல்வார்கள். தலைப்பு, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற சிலையின் பெயர். கைகள் இல்லாத பெண். கை உடைந்துபோன பெண்ணைப் பூரண அழகு என்று ஐரோப்பா கொண்டாடியது எனக்கு எப்போதுமே உறுத்தும். இந்தத் தொகுப்பில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது இன்னும் அதிகமாக உறுத்துகிறது. சுற்றிலும் கேட்பதெல்லாம் பெண்களின் கைகள். வெண்டியின் விரல்கள் வெட்டி வாசிக்கும் கிடார், லிசாவின் அகலமான பியானோ அடுக்குகள், நாடா இயந்திரத்தின்மேல் சூசனின் கை. முடியாத பாடல்களின் நாடாவைக் கொடுத்துத் தோன்றியதைச் சேர்க்கச் சொல்வது அந்த நாட்களில் பிரின்ஸின் வழக்கம் என்று வெண்டியும் லிசாவும் சொல்லியிருக்கிறார்கள். 'மவுண்டன்ஸ்' பாட்டின் இயற்றுநர் பெயர்களில் அவர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பாட்டிலும் இருக்கிறார்கள். மற்றவற்றில் அவர்கள் சேர்த்த குரலடுக்கும் ஓசை நிறமும் 'ஏற்பாடு', 'வாசிப்பு' என்ற தலைப்புகளுக்குள் போய்விடும். மெட்டு போட்டவர் படைப்பாளி, மெட்டுக்கு உடம்பு கொடுத்தவர் உதவியாளர் என்கிற பாகுபாட்டை யார் வகுத்தார்கள்? வீட்டு வேலையைக் கணக்கில் எடுக்காத பொருளாதாரம் வகுத்த அதே கோடுதான் இது.

இன்னொரு கணக்கையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். வெண்டியும் லிசாவும் வெள்ளையர்கள். சூசனும் அப்படியே. பிரின்ஸ் கறுப்பர். அமெரிக்க இசைத் தொழில் கறுப்பர்களின் படைப்பைப் பிடுங்கியே வளர்ந்தது. பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்புப் பெண் 1952இல் பதிவுசெய்த 'ஹவுண்ட் டாக்' பாடலை 1956இல் எல்விஸ் பாடி உலகப் புகழ் பெற்றது அதில் ஒரு உதாரணம். பிரின்ஸே 1990களில் தன் பதிவுகளின் உரிமைக்காக நிறுவனத்தோடு மோதி, கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தவர். இந்தப் பின்னணியில், கறுப்புக் கலைஞனின் வெற்றிக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொல்வது எங்கே கொண்டுபோய்விடும் என்று தயங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கம் நியாயமானது, அதை நான் கைவிடப் போவதில்லை. ஆனால் தயங்குவது வேறு, பேசாமலே இருப்பது வேறு. தன் உழைப்பின் பலனைப் பெரிய நிறுவனம் எடுத்துக்கொள்வதன் வலி தெரிந்த ஒருவர், தன் குழுவின் பெண்களுக்கு அதே பங்கீட்டுக் கேள்வி இருக்கும் என்பதையும் அறிந்திருப்பார். அறிந்துதான் இருந்தார் என்பதற்கு அவருடைய முந்தைய படமே சாட்சி.

1984இல் வந்த 'பர்ப்பிள் ரெயின்' படத்தில் வெண்டியும் லிசாவும் அவர்களாகவே நடித்தார்கள். தாங்கள் போட்ட மெட்டு ஒன்றைக் கேட்டுப்பார் என்று நாயகனிடம் ஒலிநாடாவைக் கொடுக்கிறார்கள். அவன் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. திரும்பக் கேட்கிறார்கள், ஏளனம் செய்கிறான். வீட்டில் தாயை அடிக்கும் தந்தையைப் பார்த்து வளர்ந்தவன், காதலியையும் அறைகிறான். கடைசியில் அந்தப் பெண்களின் மெட்டைத்தான் மேடையில் வாசித்து மீட்சி பெறுகிறான். அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தபோது வெண்டியும் லிசாவும் பிரின்ஸோடு மேடை ஏறினார்கள். பெண்களின் இசைக்குக் காது கொடுக்காதவன் உருப்படமாட்டான் என்று ஒரு படமே எடுத்தவர் அவர். அதே காலத்தில் 'கம்ப்யூட்டர் ப்ளூ' பாட்டின் தொடக்கத்தில் இரு பெண்களையும் ஒரு கிளுகிளுப்பான உரையாடல் பேச வைத்தார். அவர்களின் நிஜ உறவைப் பற்றி யாரும் பேசாத நாட்களில், அதன் நிழல் மட்டும் ஆண் ரசிகர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாகப் பயன்பட்டது.

'பரேடு' வெளிவந்த பிறகு அந்தக் கோடையில் குழு பெருத்தது. பிரின்ஸின் மெய்க்காப்பாளர்களாக இருந்தவர்கள் ஆடுபவர்களாக மேடை முன்வரிசைக்கு வந்தார்கள். இன்னொரு கிடார் கலைஞர் சேர்ந்தார். வெண்டியும் லிசாவும் பின்னுக்குப் போனார்கள், விலகிவிடவும் நினைத்தார்கள். சுற்றுப்பயணம் செப்டம்பரில் ஜப்பானின் யோக்கோஹாமாவில் முடிந்தது. அக்டோபரில் குழு கலைக்கப்பட்டது. இருவரும் வேலை இழந்தார்கள். அவர்களோடு சேர்ந்து உருவாகிக்கொண்டிருந்த 'ட்ரீம் ஃபேக்டரி' என்ற தொகுப்பு கைவிடப்பட்டது. அதிலிருந்த பாடல்கள் பலவும் 1987இல் 'சைன் ஓ த டைம்ஸ்' தொகுப்பில், பிரின்ஸ் என்ற ஒற்றைப் பெயரின் கீழ் வந்தன. அது மகத்தான தொகுப்பு, மறுக்கவில்லை. ஆனால் 'பரேடு'க்குப் பிறகு அவர் இசையில் ஒரு தளர்வு, ஒரு சாய்வுநாற்காலித்தன்மை போய்விட்டது என்பது என் காது சொல்வது. இன்னொருவர் விரலுக்காகக் காத்திருக்கும் இடைவெளி இல்லாமல் போனது.

வெண்டியும் லிசாவும் இரட்டையராகத் தொகுப்புகள் வெளியிட்டார்கள், பிறகு திரைக்கு இசையமைக்கப் போனார்கள். 'டேஞ்சரஸ் மைண்ட்ஸ்' படம், 'ஹீரோஸ்' தொடர், 'நர்ஸ் ஜாக்கி' தொடர். கடைசியாகச் சொன்னதன் தலைப்பிசைக்கு 2010இல் எம்மி விருது கிடைத்தது. ஒரு தோற்றுப்போன படத்தின் பாடல்களுக்குள் பெயர் மங்கிக் கிடந்த இருவர், திரையிசையையே தொழிலாக்கிக்கொண்டார்கள். திரும்பிப் போய் 'பரேடு' கேட்டால், வருங்காலத்து இசையமைப்பாளர்கள் இருவரின் பயிற்சி ஏடாகவும் அது கேட்கும்.

கடைசிப் பாட்டை இறுதிக்கு என்று வைத்திருந்தேன். 'சம்டைம்ஸ் இட் ஸ்னோஸ் இன் ஏப்ரல்', ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 1985 ஏப்ரல் 21 அன்று பதிவானது. மூன்றே பேர். பிரின்ஸின் குரல், வெண்டியின் கிடார், லிசாவின் பியானோ. டிரம்ஸ் கிடையாது. முன்னதாக ஊர்வலமும் கூத்தும் கேலியுமாக வந்த எல்லாமே இங்கே வெளியே அனுப்பப்பட்டுவிட்டன. மூவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். பிரின்ஸ் ஒரு வரியை முடிக்காமல் தொங்கவிடும்போது லிசா அவசரப்படுவதில்லை. வெண்டியின் சுரச்சேர்க்கைகள் துக்கம் இது என்று முடிவாகச் சொல்லாமல், துக்கத்துக்கும் ஆறுதலுக்கும் நடுவில் நிற்கின்றன. ஜோனி மிட்செலின் கிடாரைக் கேட்டவர்களுக்கு அந்த நிற்றல் பழக்கமாக இருக்கும். பிரின்ஸ் அவருடைய பெரும் ரசிகர்.

இறந்துபோன ட்ரேசிக்காக அவன் நண்பர் அழும் பாட்டு இது. படத்தில் ட்ரேசியாக நடித்துச் செத்தவரே, உயிரோடு இருப்பவரின் இடத்தில் உட்கார்ந்து அவனுக்காக அழுகிறார். வாய்விட்டு அழும் வேலையைப் பெரும்பாலான ஊர்களில் பெண்களிடம் விட்டிருக்கிறார்கள். இங்கே ஓர் ஆண் அதைச் செய்கிறார், இரண்டு பெண்கள் பக்கவாத்தியமாக. இதில் மட்டும் எனக்கு யாருடைய கை, யாருடைய குரல் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிரிக்கவும் முடியவில்லை. மூவர் பெயரும் இந்தப் பாட்டின்மேல் இருக்கிறது.

பிரின்ஸ் இறந்தது 2016இல், ஏப்ரல் 21 அன்று. பாட்டு பதிவாகிச் சரியாக 31 ஆண்டுகள். பழைய குழு மறுபடி கூடி ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தியது. அங்கே இந்தப் பாட்டின் முறை வரும்போது மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, லிசா கீபோர்டில் உட்கார்ந்தார், வெண்டி கிடாரோடு மைக்குக்கு வந்தார். பாடியது வெண்டி, அதே தணிந்த குரலில்.